வாடாமை இளமையல்ல

பலெர்மோவில் கப்புச்சின் துறவிகள் மடத்து நிலவறையில் ரொசாலியா லொம்பார்தோ என்ற குழந்தை கிடக்கிறாள். 1920இல், இரண்டு வயது நிறையுமுன் இறந்தவள். அல்ஃபிரெடோ சலாஃபியா பதப்படுத்திய அவ்வுடலின் முகம் இன்றும் உறங்கும் பிள்ளையின் முகமாகவே இருக்கிறது. மூப்புத் தீண்டாத உடலென்றால் அது இறந்த உடல்தான். அப்படியானால், என்றும் இளமை வேண்டுமென்போர் உண்மையில் எதைக் கேட்கிறார்கள்?

அதே நகரின் பெல்லெக்ரினோ மலை ஏறக்குறைய 600 மீற்றர் உயரம். அங்குள்ள குகைக்கோயிலில், 1624இல் பரவிய கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவளென நம்பப்படும் சாந்தா ரொசாலியா. எம்மவர் சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமின்றி நடந்தே ஏறுகிறார்கள், நரைத்தவர்களும்தான். அவர்களுக்கு வேண்டியது இளமையல்ல, அடுத்தமுறையும் ஏறக்கூடிய கால்கள். உடல்நலம் பற்றிய நேர்மையான ஆசை இதுவே.

ஆனால் அந்தப் பலம் எங்கே செலவாகிறது? இங்கு எம்மவர் பலருக்கு வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்புமே பிழைப்பு. பிறரைத் தூக்கி இருத்தும் முதுகு தன் மூப்பை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. ஊரிலிருக்கும் தாயைத் தூக்குவதோ வேறு கைகள். ஆயுள் நீட்டும் நெல்லிக்கனியைத் தானுண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமானைக் கொடையாளி என்கிறோம். அவனுக்கு உண்ணவும் ஈயவும் உரிமை இருந்தது. எம்மவர் கொடுப்பது கூலிக்கு, வேறு வழியின்றி. அதைத் தியாகமென்று புகழ்ந்துவிட்டு அகல்வது அநியாயம். நடப்பதும் உணவைக் குறைப்பதும் எம் கையில் உள்ளவை. ஓய்வு, வேலை தருபவர் கையில் உள்ளது. அதைக் கேட்டுப் பெறவேண்டும்.