பரிந்துரையும் உரை அளவையும்

இணையத் தொடர் ஒன்றையோ ஆவணப்படம் ஒன்றையோ பார்த்து முடித்தவர், அதைப் பார்க்கும்படி மற்றவரிடம் சொல்வது அன்றாடப் பேச்சாகவே கருதப்படுகிறது. அப்பேச்சுக்கு அறம் சார்ந்த பொறுப்பு உண்டா என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. பிடித்தது, பிடிக்கவில்லை என்பவை அவரவர் சுவையைப் பொறுத்தவை, சுவையில் மெய்யென்றும் பொய்யென்றும் எதுவும் இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் பரிந்துரை சுவையை வெளியிடுவதோடு நின்றுவிடுவதில்லை. கேட்பவர் அதன்பொருட்டுத் தம் வாழ்நாளில் சில மணி நேரத்தைக் கொடுக்கிறார். பார்ப்பது ஆவணப்படமாயின், நடந்த நிகழ்ச்சிகளையும் வாழ்ந்த மனிதர்களையும் பற்றிய ஒரு தீர்ப்பையும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார். ஆகவே பரிந்துரையை ஒரு சாட்சியமாகக் கொண்டு, சாட்சிக்குரிய தகுதிகளைக் கொண்டே அதை எடைபோடுவது முறையாகும்.

இந்த வினாவுக்குத் தமிழ் நிலத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்வரலாறு உண்டு. தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்துள்ள புன்னக்காயல், பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை எனப்பட்ட கடற்கரையில் இயேசு சபைத் துறவியரின் தலைமை இடங்களுள் ஒன்றாக இருந்தது. போர்ச்சுகலில் பிறந்து, 1540-களின் பிற்பகுதியில் இக்கரைக்கு வந்து, 1600-இல் இறக்கும்வரை இங்குள்ள பரதவரிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கசு, 1586-இல் புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தமிழில் தொகுத்து அச்சேற்றினார். அடியார் வரலாறு எனப் பிற்காலத்தில் வழங்கிய அந்நூல் புன்னக்காயலில் அச்சானதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அச்சுச் செலவுக்குப் பரதவர்களே பொருள் தந்தனர். ஐரோப்பாவில் வழங்கிய எண்ணற்ற கதைகளில் எவற்றை இம்மக்கள் கேட்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று ஒருவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பரிந்துரையே அந்த நூல்.

அந்நூலைக் கேட்ட மக்களின் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. உரோமையிலோ அந்தியோக்கியாவிலோ பல நூற்றாண்டுகளுக்கு முன் உயிர்துறந்த ஒருவரின் கதை உண்மையா என்று சோதிக்கும் வழி எதுவும் அவர்களிடம் இல்லை. ஆனால் அக்கதையைச் சொன்னவரைச் சோதிக்கும் வழி இருந்தது. அவர் தங்கள் மொழியைக் கற்றவர், தங்கள் நடுவே அரை நூற்றாண்டு வாழ்ந்தவர், சொன்ன சொல்லுக்கு நாளையும் நேரில் நின்று பதில் கூற வேண்டியவர். கதையின் மீது வைத்த நம்பிக்கை, அடிப்படையில், அந்த மனிதர் மீது வைத்த நம்பிக்கையே ஆகும்.

இத்தகைய நம்பிக்கை எப்போது அறிவாகும் என்பதை இந்திய அளவையியல் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளது. அளவை என்பது ஒன்றை அறிவதற்கான கருவி. காட்சி, கருதல், உரை என அதை மூன்றாகச் சுருக்கித் தருகிறது பதின்மூன்றாம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். காட்சி நேரில் காண்பது. கருதல் கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது. உரை நம்பத்தக்கவரின் சொல்லால் அறிவது. நம்பத்தக்கவர் யார் என்ற கேள்விக்கு, நியாய சூத்திரத்துக்குப் பாடியம் எழுதிய வாத்ஸ்யாயனர் தரும் விடை இரு கூறுகளைக் கொண்டது: அவர் பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்கு உணர்த்தும் விருப்பத்தால் பேசவும் வேண்டும். குலம், நாடு, சமயம் ஆகியவற்றை அவர் நிபந்தனையாக வைக்கவில்லை. முனிவர், உயர்ந்தோர், அயல் மொழியார் மூவருக்கும் இவ்விலக்கணம் பொது என்றே சொல்கிறார். போர்ச்சுக்கீசியத் துறவி ஒருவரும் அயல் மொழியாரே என்பதால், புன்னக்காயலின் நிகழ்ச்சி இந்த விதிக்குள் தடையின்றி அடங்குகிறது.

மணிமேகலையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாணரின் கொள்கைகளைக் கேட்கும் காதை, பத்து அளவைகளை எண்ணுமிடத்தில் ஐதிகம் என்ற ஒன்றையும் வைக்கிறது. இன்ன மரத்தில் பேய் உண்டு என்று உலகத்தார் சொல்லி வருவதால் அதை நம்புவதே அதற்கு அந்நூல் காட்டும் எடுத்துக்காட்டு. உரைக்கும் ஐதிகத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது: உரையில் சொன்னவர் இன்னார் என்று தெரியும்; ஐதிகத்தில் முதலில் சொன்னவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஓடிடி தளம் திறந்தவுடன் காட்டும் "அதிகம் பார்க்கப்பட்டவை" என்ற வரிசையும், பார்வையாளரின் பழக்கத்தைக் கணித்து நிரல் தானாக முன்வைக்கும் தேர்வும் இந்த இரண்டாம் வகையையே சேரும். அங்கே பார்த்தவர் பலர், பரிந்துரைத்தவர் எவருமில்லை. தவறாகப் போனால் திரும்பிச் சென்று கேட்கத்தக்க ஆளும் இல்லை. அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, தாம் பார்க்காத தொடரை "எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்" என்று நண்பரிடம் சொல்பவர், ஐதிகத்துக்கு உரையின் உடையை அணிவித்து அனுப்புகிறார். இது சிறு குற்றமென்று தோன்றினாலும், நட்பின் மதிப்பைக் கொண்டு பெயரற்ற சொல்லை நம்பவைக்கும் செயலாதலால் வாய்மைக்கு மாறானதே.

கத்தோலிக்க மரபில் இவ்வினா பத்துக் கட்டளைகளுள் எட்டாவதான, பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளையின் கீழ் வருகிறது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, அவதூறையும் முறையற்ற தீர்ப்பையும் மட்டுமன்றி, சமூகத் தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துவோரின் கடமையையும் இக்கட்டளையின் விளக்கத்திலேயே வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது. எனினும் திருச்சபை இந்த இடத்துக்கு நேராக வந்து சேரவில்லை. படிக்கக்கூடாத நூல்களின் பட்டியலை அது 1559 முதல் 1966 வரை வைத்திருந்தது. 1936-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படங்களை வகைப்படுத்தி மக்களுக்கு முறையாக அறிவிக்குமாறு ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். தடுப்பதே இவற்றில் மேலோங்கிய நோக்கம். பரிந்துரைக்கும் பட்டியல் 1995-இல்தான், திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி, வத்திக்கானிலிருந்து வந்தது. சமயம், விழுமியம், கலை என்ற மூன்று பிரிவுகளில் 45 படங்கள் அதில் இடம்பெற்றன.

கிறிஸ்தவ மரபின் மிக உயர்ந்த செயல் இந்தப் பட்டியல்களுக்கு வெளியே நிகழ்ந்தது எனலாம். அண்டிரிக் அடிகளாரின் சபையைச் சேர்ந்தவரான ழான் போலாண்டும் அவர் வழிவந்தோரும், 1643 முதல் ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து புனிதர் வரலாறுகளை மூல ஏடுகளோடு ஒப்பிட்டு வெளியிட்டு, பல நூற்றாண்டுகளாகப் பக்தியோடு பரிந்துரைக்கப்பட்டு வந்த கதைகளில் எது சான்றுடையது, எது புனைந்தது என்று பிரித்துக் காட்டினர். தான் போற்றும் கதையையே ஐயத்தோடு ஆராயும் துணிவு இல்லாத சமயத்தில் பரிந்துரை வெறும் விளம்பரமாகச் சுருங்கிவிடும்.

1995-ஆம் ஆண்டுப் பட்டியலின் விழுமியப் பிரிவில் ரிச்சர்ட் அட்டன்பரோவின் "காந்தி"யோடு, போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி தொலைக்காட்சிக்காக எடுத்த "டெக்கலாக்" என்ற பத்துப் பகுதித் தொடரும் இடம்பெற்றது. அதன் எட்டாம் பகுதி இங்கே பேசப்படும் சிக்கலின் உள்ளுக்கே செல்கிறது. 1943-இல், செருமானிய ஆட்சியின் கீழிருந்த வார்சாவில், யூதச் சிறுமி ஒருத்திக்கு அடைக்கலம் கொடுக்க ஏற்பாடாகிறது. கடைசி நேரத்தில், பொய்யான ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நிற்பது கட்டளைக்கு மாறு என்று சொல்லி ஒரு பெண் அவளைத் திருப்பி அனுப்புகிறார். பல ஆண்டுகளுக்குப் பின், அறவியல் பேராசிரியராகிவிட்ட அப்பெண்ணின் வகுப்புக்கு, உயிர்பிழைத்த அந்தச் சிறுமி வளர்ந்தவளாக வந்து அமர்கிறாள். அன்று சொன்ன காரணம் உண்மையானதன்று என்பது பின்னர் வெளிப்படுகிறது: சிறுமியை வைத்துக்கொள்ளவிருந்தவர்கள் இரகசியப் போலீசின் ஆட்கள் என்று ஒரு செய்தி வந்திருந்தது, அதை நம்பியே அவள் மறுக்கப்பட்டாள். அந்தச் செய்தியும் பொய். கட்டளையைக் காப்பதாகச் சொன்ன சொல்லே பொய்யாகவும், அந்தப் பொய்க்குப் பின்னே மற்றவர்களைப் பற்றிச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்ட ஐதிகம் ஒன்று இருந்ததாகவும் கதை காட்டுகிறது. பிறர்க்குத் தீமை பயக்காத சொல்லையே வாய்மை என்று வகுத்த திருக்குறளின் அளவுகோலை இங்கு வைத்துப் பார்த்தால், சொல்லின் வடிவம் கட்டளைக்குப் பொருந்துவது போதாது, அதன் விளைவு யார் மீது விழுகிறது என்பதும் வாய்மையின் பகுதியே என்பது விளங்கும்.

விளைவு பிறர் மீது விழும் நிலை புனைகதைத் தொடரைவிட ஆவணப்படத்தில் கூர்மையாகிறது. 2023-இல் சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பனைப் பற்றி இரண்டு ஆவணத் தொடர்கள் வெளிவந்தன. ஆகஸ்டில் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட, செல்வமணி செல்வராஜ் இயக்கிய "தி ஹன்ட் ஃபார் வீரப்பன்", அவருடைய மனைவியின் பேச்சோடு காவல்துறை, வனத்துறை அலுவலர்களின் நினைவுகளையும் கொண்டு தேடுதல் வேட்டையின் வரலாறாக அமைந்தது. டிசம்பரில் ஜீ5 வெளியிட்ட "கூச முனிசாமி வீரப்பன்", நக்கீரன் இதழ் காட்டில் பதிவுசெய்த அவருடைய சொந்தப் பேச்சை அடித்தளமாகக் கொண்டது. வாத்ஸ்யாயனரின் இரு நிபந்தனைகளையும் இவற்றின் மீது வைத்தால் நிலைமை தெளிவாகும். வீரப்பனுக்குத் தம் செயல்கள் பற்றிய நேரடி அறிவு முழுமையாக இருந்தது. அறிந்தபடியே உணர்த்தும் விருப்பம் இருந்ததா என்பது ஐயத்துக்குரியது. அவரைத் தேடிய அதிரடிப்படையின் அலுவலர் ஒருவரின் நினைவுக்கும் இதே ஐயம் பொருந்தும். அப்படை மீது மலையோர மக்கள் கூறிய சித்திரவதைப் புகார்களை விசாரிக்க 1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்ததும், 2007-இல் 89 பேருக்கு இடைக்கால நிவாரணம் வழங்கச் சொன்னதும் பதிவான செய்திகள். ஒருபுறம் கொல்லப்பட்ட வனக்காவலர்களின் குடும்பங்கள். மறுபுறம் சிறையிலும் முகாமிலும் உடல் சிதைந்த ஊர்மக்கள். இத்தகைய பொருளில் ஒரு தொடரை மட்டும் பார்த்துவிட்டு "உண்மையைத் தெரிந்துகொள்ள இதைப் பாருங்கள்" என்று சொல்பவர், வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்.

சுவை பற்றிய பரிந்துரைக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை என்று மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பே. நடிப்பு நன்று, ஒளிப்பதிவு நன்று என்ற சொற்களில் பேசுபவர் தம் அனுபவத்தைப் பற்றியே பேசுகிறார்; அதற்கு அவரே நேரடிச் சாட்சி. தவறு நேர்வது, "விறுவிறுப்பாக இருக்கிறது" என்ற சுவைத் தீர்ப்பு ஓசையின்றி "அப்படித்தான் நடந்தது" என்ற மெய்த் தீர்ப்பாக மாறும் இடத்தில். ஆவணப்படத்தின் இசையும் வெட்டி ஒட்டும் முறையும் அந்த மாற்றத்தை எளிதாக்குகின்றன என்பதால், பரிந்துரைப்பவரின் பொறுப்பு இங்கு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

ஆகவே ஆவணத் தொடர் ஒன்றைப் பிறருக்குச் சொல்ல விரும்புபவர், அதை இறுதிவரை பார்த்தாரா என்பதையும், அதில் பேச வாய்ப்புப் பெறாதவர் யார் என்பதையும் சொல்லியே பரிந்துரைக்க வேண்டும். வீரப்பனைப் பற்றிய இரண்டில் ஒன்றைப் பார்த்தவர்கள், அதைப் பற்றி அடுத்தவரிடம் வாய் திறக்கும் முன் மற்றதையும் பார்த்துவிடுவார்களாக.