பொறுமை எதற்கு? முறையீடு எதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தேன். ஜவ்வாது மலைமேல் புளி வாங்கி விற்கும் சகோதரர் ஒருவர் ஸலாம் கூறி நின்றார். அவருடைய ஏழு வயது மகளுக்குக் காது கேளாது. சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில், “இப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஆளில்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“ஹள்ரத்! வழக்குப் போடலாம் என்கிறார்கள். அது அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறை கூறுவதாகாதா?” என்று கேட்டார்.

“ஸப்று செய்யுங்கள்” என்று கூறி, துஆச் செய்து அனுப்பினேன். அவர் ஆறுதலோடு போனார். அன்று நான் சொன்னது பிழை.

அன்பர்களே! இதில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. பிள்ளைக்குச் செவி கேளாதது அல்லாஹ்வின் ஏற்பாடு. அதில் பொறுமை கடமை. பள்ளியின் கதவு அடைக்கப்பட்டது மனிதர் செயல். அதையும் விதியின் கணக்கில் எழுதிவிடுவது, மனிதர் செய்த அநீதியை இறைவன்மீது சுமத்துவதல்லவா?

நபி யஃகூப் (அலை) அவர்களைவிட அழகிய பொறுமை காட்டிய தந்தை யார்? அவர்களே தம் மக்களை அழைத்து, யூஸுஃபைத் தேடிச் செல்லுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்பினார்கள். பொறுமை அவர்களைத் தேடாமல் இருக்கச் செய்யவில்லை.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். எனக்கு வரவேண்டியதை நான் மன்னித்து விட்டுவிடலாம். ஆனால் சிறு பிள்ளையின் பொருளைத் தந்தை பிறருக்கு இனாமாக விட்டுக்கொடுக்க முடியாது என்பது ஃபிக்ஹு ஓதியவர் அறிந்த சட்டம். கல்வி அப்பிள்ளையின் உரிமை. பெற்றோர் அந்த அமானிதத்தைக் காப்பவர்களே. கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு தேடி வந்ததை முன்னிட்டு ‘அபஸ’ என்ற அத்தியாயமே அருளப்பட்டதை நாம் மறக்கலாகாது.

நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளை, 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். மறுத்தால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைகள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

“ஆளில்லை, பணமில்லை” என்பது புதிய சாக்கல்ல. 1972இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இதே பதிலைச் சொன்னார்கள். பணப் பற்றாக்குறையின் பாரத்தை இப்பிள்ளைகள் தலையில் மட்டும் கூடுதலாக ஏற்றக்கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முறையீட்டில் பொய்யும் பகையும் கலக்கக்கூடாது. முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் பெறுங்கள். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதித் தருவது மஹல்லா ஜமாஅத்தின் பொறுப்பு. மலைவாழ் மலையாளிக் குடும்பத்துப் பிள்ளையானாலும் அண்டை வீட்டாரின் ஹக்கு அதுவே.

இரண்டாண்டு கழித்து அச்சகோதரரை மீண்டும் கண்டேன். ஒன்பது வயதாகியும் மகளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியவில்லை. அன்றே இருவருமாகச் சென்று மனுக் கொடுத்தோம். இன்று அவள் காது கேளாதோர் பள்ளியில் படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த இரண்டாண்டுகளை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

பொறுக்க வேண்டியதைப் பொறுக்கவும், கேட்க வேண்டியதைக் கேட்கவும் வல்ல நாயன் நமக்குத் தெளிவைத் தருவானாக! ஆமீன்.