பல்லக்கைச் சுமந்தவர்கள்



பாபநாசத்துக் கரையில் உட்கார்ந்துகொண்டு இந்திரனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. குருவைக் கொன்ற பழி அவனைத் துரத்தியது, இந்த மண்ணில் கால் வைத்ததும் விலகியது என்கிறது தலபுராணம். ஆடி அமாவாசைக்கு ஊர் ஊராக வந்து இங்கே முங்குகிறோமே, அந்த நம்பிக்கையின் வேர் இதுதான். ஆனால் அவன் பழிக்கு அஞ்சி ஒளிந்து கிடந்த நாட்களில் தேவலோகம் எப்படி இருந்தது? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

அரியணை காலியாகக் கிடந்தது. தேவர்கள் பூமிக்கு வந்து சந்திர குலத்து அரசன் நகுஷனை அழைத்துப்போய் இந்திரனாக்கினார்கள். நல்லவன், யாகங்கள் செய்தவன், அந்தப் பதவிக்குத் தகுதியோடுதான் போனான். இதை மனத்தில் வையுங்கள். நம் கதைகளில் விழுகிறவன் பெரும்பாலும் தகுதியுள்ளவன்தான். மேலே போனதும் அவனுக்குத் தலை கிறுகிறுத்தது. இந்திராணியே தனக்கு வேண்டும் என்றான். அவள் பிரகஸ்பதியிடம் யோசனை கேட்டுவிட்டு, "இதுவரை யாரும் ஏறாத வாகனத்தில் வா, ரிஷிகள் உன்னைச் சுமந்து வரட்டும்" என்று சொல்லியனுப்பினாள்.

ரிஷிகள் பல்லக்கைத் தூக்கினார்கள். நகுஷனுக்கு அவசரம். வேகமாக, இன்னும் வேகமாக என்று அதட்டினான். நம் பொதிகை மலைக் குறுமுனி அகத்தியர் மற்றவர்களுக்கு ஈடாக எட்டி நடக்க முடியாமல் பின்தங்கினார் என்று நம் பக்கத்தில் கதை சொல்வார்கள். நகுஷன் காலை நீட்டி அகத்தியரின் தலையில் உதைத்தான். "பாம்பாகிப் பூமியில் விழு" என்றார் முனிவர். விழுந்தான்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது நகுஷனை மட்டுமே பார்த்தேன். இப்போது என் கண் பல்லக்கின் தண்டைப் பிடித்திருந்த மற்ற ரிஷிகள்மேல் போகிறது. அவர்களும் தவசிகள்தான். அவன் நிலை தவறிவிட்டான் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் சுமந்தார்கள். ஒருவர் மட்டும்தான் வாய் திறந்தார்.

தம்பிமார்களே, இனி உங்களுக்கான கதை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் என்று ஓர் ஊர். அங்கே ஸ்டீவ் பிரிஃபான்டெயின் என்று ஓர் ஓட்டக்காரர் இருந்தார். 2,000 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரை அமெரிக்கச் சாதனைகள் எல்லாமே அவர் பெயரில் இருந்தன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் நான்காம் இடம். அந்தத் தோல்வியைத் தீர்க்க அடுத்த ஒலிம்பிக்கை நோக்கி உழைத்துக்கொண்டிருந்தார். 1975 மே 29 அன்று யூஜீனின் ஹேவர்ட் மைதானத்தில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 23.8 விநாடியில் ஓடி வென்றார். நம் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் அல்லவா? அதற்காக விடியற்காலையில் பாளையங்கோட்டை மைதானங்களில் மூச்சுவாங்க ஓடும் பிள்ளைகளுக்கு அந்த 13 நிமிடத்தின் அருமை நான் சொல்லாமலே புரியும்.

வெற்றிக்குப் பிறகு நண்பர் வீட்டில் விருந்து. நள்ளிரவு தாண்டியதும் தன் காரில் கிளம்பினார். மாரத்தானில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷார்ட்டர் கூட இருந்தார். அவரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வளைவான சாலையில் கார் பாறைச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. 13 நிமிடம் 5,000 மீட்டருக்குத் தாங்கிய நெஞ்சு வண்டியின் பாரத்துக்குக் கீழே நசுங்கியது. வயது 24. இரத்தத்தில் 0.16 சதவீதம் மது என்று காவல்துறை சொன்னது. அதை ஏற்காத நண்பர்களும் உண்டு. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அந்த இரவின் கணக்கு நம் கணக்கில் 160.

இந்த இடத்தில் ஓர் உடல் உண்மையைச் சொல்ல வேண்டும். தேகப்பயிற்சி உள்ளவனுக்குப் போதை ஏறாது, ஏறினாலும் சீக்கிரம் இறங்கிவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கல்லீரல் தன் நிதானத்தில்தான் மதுவை எரிக்கும். அதற்குப் பந்தயம் தெரியாது, வெற்றி தெரியாது. கட்டங்காப்பி குடித்தாலும், குற்றால அருவியில் தலையைக் கொடுத்தாலும், இதோ ஓடுகிற தாமிரபரணியில் நூறு முறை முங்கினாலும் அது வேகம் கூட்டாது. குளிர்ந்த தண்ணீர் கண்ணைத் திறக்கும். கையின் தடுமாற்றம் அப்படியே இருக்கும். தெளிந்துவிட்டோம் என்று நினைத்து வண்டியை எடுப்பவன்தான் மிகவும் ஆபத்தானவன்.

யூஜீனின் அந்தப் பாறையருகே இன்றும் ஓட்டக்காரர்கள் வந்து தங்கள் பதக்கங்களையும் காலணிகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த விருந்தில் ஒருவர், ஒரே ஒருவர், சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தால்? யாரையும் குற்றவாளியாக்க இதைக் கேட்கவில்லை. வென்றவனிடம் "நீ இப்போது ஓட்டாதே" என்று சொல்ல நம் எல்லோருக்கும் நாக்கு கூசுகிறது. அந்த வகையில் நாமும் பல்லக்குத் தூக்கிகள்தான்.

கென்ய ஓட்டக்காரர் ஹென்றி ரோனோவுக்கு மரணம் அப்படித் திடீரென்று வரவில்லை. 1978 இல், ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்துக்குள், நான்கு உலக சாதனைகள் படைத்தவர் அவர். கென்யா புறக்கணித்ததால் 1976, 1980 என்ற இரண்டு ஒலிம்பிக்குகளும் கைவிட்டுப் போயின. குடி அவரைச் சிறுகச் சிறுக எடுத்துக்கொண்டது. உலகமே கைதட்டிய கால்களோடு அமெரிக்காவில் கார் கழுவினார். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்கினார். வீடற்றோர் விடுதியில் படுத்தார். பிறகு குடியை விட்டார். ஆல்பகெர்க்கி நகரில் பிள்ளைகளுக்குப் பாடமும் ஓட்டமும் சொல்லிக்கொடுத்தார். 2024 பிப்ரவரியில் தம் 72ஆம் வயதில் தாய்நாட்டில் காலமானார். அவருடைய சாதனைகளைவிட இந்தப் பிற்பாதி எனக்குப் பெரியதாகத் தோன்றுகிறது.

நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அகத்தியர் வருகிறார். 2004 ஏதன்ஸ் ஒலிம்பிக் முடிந்த சில மாதங்களில், 19 வயதில், குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டார். நன்னடத்தைக் கண்காணிப்போடு போயிற்று. அவர் அடுத்தடுத்துத் தங்கம் வாங்கினார். உலகம் அந்த இரவை மறந்தது. பத்து ஆண்டு கழித்து 2014 செப்டம்பர் 30 அன்று பால்டிமோர் நகரில் மறுபடியும் அதே குற்றம். அப்போது அவரிடம் 18 ஒலிம்பிக் தங்கங்கள் இருந்தன. இந்த முறை யாரும் சுமக்கவில்லை. நீச்சல் சங்கம் ஆறு மாதம் தடை விதித்தது. மறு ஆண்டு உலகப் போட்டிக்கும் இடமில்லை என்றது. நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து 18 மாதம் கண்காணிப்பில் வைத்தது. பிடிபட்ட பின் வந்த நாட்களில் உயிரோடு இருக்கவே விருப்பமில்லாமல் அறைக்குள் கிடந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். அரிசோனாவில் ஒரு சிகிச்சை இல்லத்தில் 45 நாள் தங்கினார். 2016 ரியோவில் நாட்டின் கொடியை ஏந்தி வந்தார். ஐந்து தங்கம் வாங்கினார்.

தங்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. அவர் தங்கம் வாங்காமலே போயிருந்தாலும் அந்தத் தடை அவருக்குக் கிடைத்த அருள்தான். இறைவன் நம்மைத் தடுக்கும்போது நாம் அதைத் தண்டனை என்று அழுகிறோம். அகத்தியரின் சாபம் நகுஷனைக் கீழே தள்ளியது. இந்திராணிமேல் கை வைக்கும் பெரும்பாவத்திலிருந்து அவனைக் காத்ததும் அதே சாபம்தான். அது மட்டுமா? உன் கேள்விகளுக்கு விடை சொல்ல ஒருவன் வருவான், அன்றைக்கு விடுதலை என்று சாபத்துக்குள்ளேயே வழியும் வைத்திருந்தார்.

அப்படியானால் மன்னிப்பு எளிதா என்று ஒரு தாய் கேட்கலாம். சாலையில் மகனைப் பறிகொடுத்த தாய் கேட்கலாம். 2022 ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாம் குடியால் அல்ல. ஆனால் குடியால் நேர்ந்த ஒவ்வொன்றும் நடந்திருக்க வேண்டியதே இல்லை. அடிபட்டவன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிப்பை நிறுத்தியிருக்க, அடித்தவன் இந்தப் படித்துறையில் முங்கிவிட்டு ஈரத்துணியை ஆற்றில் விட்டுப் போனால் பாவம் போகுமா? போகாது என்று நான் நெஞ்சறியச் சொல்கிறேன். அந்த வீட்டுக்குப் போ. வழக்கில் உண்மையைச் சொல். அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள். பிறகு வந்து முங்கு. தாமிரபரணித் தாய் உன்னை ஏந்திக்கொள்வாள்.

பல்லக்குத் தூக்கிகளுக்கும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு குடித்து ஓட்டுகிறவனுக்கு: முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 188ஆம் பிரிவு அதற்கு உடந்தையானவனுக்கும் அதே தண்டனை என்கிறது. குடித்தவன் பின்னால் ஏறி உட்காருகிறவர்கள்மேலும் வழக்கு உண்டு என்று 2022 இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தபோது பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது தர்மமாகவே பட்டது. மைதானத்துப் பயிற்சியாளர்களே, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே, கோயில் கொடை முடிந்து பையன்களை பைக்கில் அனுப்பும் பெரியவர்களே, சாவியை வாங்குங்கள். கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ள அவன் உயிரோடு இருக்கட்டும்.

நகுஷன் என்னவானான்? காட்டில் மலைப்பாம்பாகக் கிடந்து ஒருநாள் பீமனைச் சுற்றிப் பிடித்தான். அத்தனை பலமுள்ள பீமனால் அசைய முடியவில்லை. தேடிவந்த தருமன் வாளை எடுக்கவில்லை. நீ யார், எப்படி விழுந்தாய் என்று கேட்டான். பாம்பு தன் செருக்கை ஒளிக்காமல் சொன்னது. அது பாண்டவர்களின் முன்னோன் என்று தெரிந்தது. தருமன் முகம் சுளிக்காமல் அதன் பக்கத்தில் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் விடை சொன்னான். பிடி தளர்ந்தது; பீமன் எழுந்தான்; நகுஷனும் பழைய வடிவம் பெற்றான்.

குடியில் விழுந்தவன் நம் வீட்டு மூத்தவனாக இருக்கலாம், பதக்கம் வாங்கிய தம்பியாக இருக்கலாம். அவன் பக்கத்தில் நின்று கேளுங்கள். குடியை விட விரும்புகிறவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மருத்துவம் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அழைக்கக் கட்டணம் கிடையாது. அவன் வரத் தயங்கினால் வீட்டார் நீங்களே முதலில் பேசலாம்.