ஊருணிக்குக் காவல்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியைச் சுற்றியுள்ள செம்மண் ஊர்களில் ஊருணிப் படியில் இறங்குமுன் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். பலகை எழுதி வைக்க வேண்டியதில்லை. அங்கே துணி துவைக்கக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது, கால் கழுவக் கூடாது. அதற்கெல்லாம் குளம் இருக்கிறது. ஊர் உண்ணும் நீர் என்பதால் இது ஊருணி. என் அப்பாயி குடத்தைப் படியில் வைத்துவிட்டு, முதலில் புறங்கையால் நீரின் மேற்பரப்பை மெல்ல விலக்குவாள். மிதக்கும் சருகும் தூசியும் ஒதுங்கிய பிறகுதான் குடம் தண்ணீரைத் தொடும். தவக்காலத்தில் மனத்தூய்மையைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

நீதிமொழிகள் நூலின் 4-ஆம் அதிகாரம் 23-ஆம் வசனம், வேறு எதைக் காப்பதைவிடவும் இதயத்தை விழிப்பாகக் காக்கச் சொல்கிறது. அதற்கு அது தரும் காரணத்தில்தான் என் மனம் நிற்கிறது. வாழ்வு அங்கிருந்து புறப்படுகிறது என்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘ஊற்று’ என்ற சொல்லே வருகிறது. ஊற்றைக் காப்பவன் தண்ணீரை வெறுப்பதில்லை. பலர் வந்து அள்ளிக் குடிக்கும் இடம் என்பதால் காக்கிறான்.

இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் இச்சையைப் பற்றிய போதனையை அருவருப்பாகவே கேட்டு வளர்ந்தோம். உடம்பு அழுக்கு, ஆசை அழுக்கு, பெண் என்றால் ஆபத்து என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். திருமறை அப்படித் தொடங்கவில்லை. ஆணும் பெண்ணுமாகப் படைத்த பிறகு கடவுள் அதை மிக நன்று எனக் கண்டார் என்பதே அதன் முதல் அதிகாரம். காதலர் இருவரின் ஏக்கத்தைப் பாடும் இனிமைமிகு பாடல் அதற்குள்ளேயே இருக்கிறது. யோவான் எழுதிய நற்செய்தியில் இயேசுவின் முதல் அருங்குறி நடந்தது கானாவூரின் கல்யாண வீட்டில். ஆசை நல்ல தண்ணீர்தான். அதில் யார் என்ன கழுவுகிறார்கள் என்பதே கேள்வி.

மலைப்பொழிவில், மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், ஒரு பெண்ணை இச்சையோடு நோக்குகிறவன் உள்ளத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்துவிட்டான் என்று இயேசு சொல்கிறார். எத்தனையோ முறை வாசித்த பகுதி. அந்தப் பெண்ணுக்கு அங்கே ஒரு கட்டளையும் இல்லை என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன். அவள் என்ன உடுத்தியிருந்தாள், எந்த நேரத்தில் தெருவில் நடந்தாள் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த சொல்லே பார்த்தவனின் கண்ணைப் பற்றியது. காவல் போட வேண்டிய இடம் பார்க்கிறவனின் உள்ளம். திருக்குறளின் பிறனில் விழையாமை அதிகாரத்தில், பிறர் மனைவியை நோக்காதிருப்பதைப் பெரிய ஆண்மை என்று வள்ளுவர் கொண்டாடுவதும் இதற்கு வெகு அருகில் நிற்கிறது.

பார்வை எங்கே இச்சையாகிறது? தாவீதின் கதையை மெதுவாக வாசித்தால் தெரியும். சாமுவேல் இரண்டாம் நூலின் 11-ஆம் அதிகாரம் அது. அரசர்கள் போருக்குப் புறப்படும் பருவம். படை போய்விட்டது, அரசன் மட்டும் எருசலேமில் தங்கிவிட்டான். ஒரு மாலையில் படுக்கையிலிருந்து எழுந்து அரண்மனை மாடியில் உலாவுகிறான். செய்ய வேண்டிய வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டவனின் மாலை. கீழே ஒரு பெண் குளிப்பது கண்ணில் படுகிறது. இதுவரை நடந்தது எவருக்கும் நடக்கக்கூடியது. பிறகு ஆளனுப்பி விசாரிக்கிறான். பதில் வருகிறது: அவள் பெயர் பத்சேபா, எலியாமின் மகள், இத்தியன் உரியாவின் மனைவி.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். மாடியிலிருந்து பார்த்தபோது அவள் ஓர் உடல். இப்போது அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, ஒரு தகப்பன் வந்துவிட்டான், அரசனுக்காகவே போர்முனையில் நிற்கும் கணவன் வந்துவிட்டான். கடவுள் அனுப்பிய காவலாளி அந்தப் பதில்தான் என்று நினைக்கிறேன். தாவீது அதைக் காதில் வாங்கிக்கொண்டே கடந்து போனான். பிறகு உரியாவின் சாவு, பிறந்த குழந்தையின் சாவு. தன் உள்ளத்துக்குள் மட்டும் நடப்பதாக அவன் எண்ணியிருக்கக்கூடிய ஒன்றின் நீரைக் குடித்தது ஒரு நாடு.

கைப்பேசியின் சின்னத் திரையில் நள்ளிரவில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் உடல்களுக்கும் ஒரு பெயரும் தகப்பனும் வீடும் உண்டு. அதைச் சொல்ல அங்கே ஆள் வருவதில்லை. அந்த மாடியைவிட இந்தத் திரை ஆபத்தானதாக எனக்குத் தோன்றுவது அதனால்தான். பெயரில்லாமல் பார்க்கப் பழகிய கண், பகலில் பக்கத்து இருக்கையில் வேலை செய்கிறவளையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயரில்லாமல் பார்க்கத் தொடங்குகிறது.

இதே கேள்வியை எழுப்பும் மண் ஒன்று எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆலங்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாகத் தெற்கே போனால், இராமநாதபுரம் மாவட்டத்தின் ஓரியூர் வரும். பாம்பாற்றங்கரையில் செம்மண். புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட மண் அது. நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் ஒரு பிடி எடுத்து முடிந்துகொண்டு போகிறார்கள். அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. லிஸ்பனில் 1647-இல் பிறந்து, சிறுவயதில் போர்ச்சுக்கல் அரண்மனையில் இளவரசன் பேதுருவோடு வளர்ந்தவர். அதை விட்டுவிட்டு மதுரை மிஷனுக்கு வந்து, பண்டார சுவாமிகளின் கோலத்தில், மரக்கறி உணவோடு மறவர் சீமையில் அலைந்தார். நோயிலிருந்து எழுந்த மறவர் தலைவர் தடியத்தேவர் 1693 ஜனவரியில் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். அதற்கு முன்பாக ஒரு மனைவியோடு மட்டுமே வாழ ஒப்ப வேண்டியிருந்தது. தேவருக்கு மனைவியர் பலர். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. அருளானந்தர் சிறைப்பட்டு, பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டார். 1947-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பிரசங்கங்களில் இந்தக் கதை குருவின் வீரத்தோடும் தேவரின் மனமாற்றத்தோடும் முடிந்துவிடும். இரண்டையும் நான் வணங்குகிறேன். ஆனால் அந்த மண்ணில் நிற்கும்போது விலக்கப்பட்ட பெண்களும் கண்முன் வருகிறார்கள். அவர்கள் ஒரு காலத்தின் வழக்கப்படி, யாரோ முடிவு செய்து, ஒரு வீட்டுக்குள் அனுப்பப்பட்டவர்கள். பிறகு, யாரோ முடிவு செய்து வெளியே அனுப்பப்பட்டவர்கள். அந்த முறையீட்டில் வஞ்சத்தை மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. புண்பட்டவளின் குரலும் அதில் இருந்திருக்கும். மிலான் நகரத் தோட்டத்தில் 386-இல் மனம் திரும்பிய அகுஸ்தினாரும் தம்மோடு பல ஆண்டு வாழ்ந்து மகனைப் பெற்றுத் தந்தவளை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். தம் பாவங்களையெல்லாம் எழுதிவைத்த அவர், அவள் பெயரை எங்கும் எழுதவில்லை. காவல் தாமதமாக வந்தால் ஊருணி சுத்தமாகும். அதற்குள் குடித்தவர்களின் வயிற்று நோவு அதனால் தீர்ந்துவிடாது. அதனால்தான் இளைஞர்களிடம் இதை அழகாகவும் அன்பாகவும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மனம் துடிக்கிறது.

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த பழைய துறவிகள் இதில் கனிவானவர்கள். எண்ணம் வந்து கதவைத் தட்டுவது உன் கையில் இல்லை, அதற்காகக் கலங்காதே என்பார்கள். திறந்து, பாய் விரித்து, உட்கார வைத்துப் பேசுவதுதான் உன் கையில். யாக்கோபின் திருமுகமும் இச்சை முதலில் கருக்கொண்டு பிறகே பாவத்தைப் பெறுகிறது என்கிறது. இடையில் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் சண்டை போடுவதைவிட எழுந்து போய்விடுவது மேல். யோசேப்பு தன்னை வற்புறுத்திய போத்திபாரின் மனைவி கையில் அங்கியை விட்டுவிட்டு ஓடினான். பவுலும் கொரிந்தியரிடம் ஓடச் சொல்கிறார். நான் கற்றுக்கொண்டது இன்னும் சின்னது. இரவில் கைப்பேசியை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுப் படுக்கிறேன். கண்ணுக்கு ஒருத்தி அழகாய்த் தெரிந்தால், அவளுக்காக, அவள் வீட்டு நலத்துக்காக ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்கிறேன். ஒருவருக்காக வேண்டிக்கொண்டே அவரை வெறும் உடலாகப் பார்க்க முடிவதில்லை. அப்பாயியின் புறங்கை செய்த வேலை இதுதான்.

விழுந்தவர்களுக்கு? விழாதவர் யார்? கஜா புயல் 2018 நவம்பரில் இந்தச் சீமையின் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, அடுத்த ஆண்டு ஆலங்குடி வட்டத்துக் கொத்தமங்கலத்தில் இளைஞர்கள் கூடிக் குளங்களைத் தூர்வாரினார்கள். ஆழ்துளைக் கிணறு நூற்றுக்கணக்கான அடி போய்விட்ட ஊர்களில், தாத்தாக்கள் மறந்த வரத்துவாய்க்காலைத் தேடி முள்ளை வெட்டி எடுத்தார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் முழந்தாளிடும்போது அந்த ஞாபகம் வரும். வண்டல் எத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தாலும் அடியில் பழைய தரை இருக்கிறது. ஆனால் வெறுமையாக விட்டுவிடக் கூடாது. பெருக்கிச் சுத்தமாக்கிய வீடு காலியாகக் கிடந்ததால் பழைய ஆவி இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்ததாக ஓர் உவமை இயேசுவிடம் உண்டு. தூர்வாரிய குளத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஜெபம், உழைப்பு, நல்ல நட்பு, மனைவியோடு மனம்விட்டுப் பேசும் ஒரு மாலை எல்லாம் வரத்துவாய்க்கால்கள்.

போன ஐப்பசியில் நல்ல மழை. இரண்டு நாள் வெறித்த பிறகு ஊருணிப் பக்கம் நடந்து போனேன். மேல்படி வரை தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளைச் சாய்த்து வைத்தான். சுற்றிலும் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு இறங்கி, குனிந்து, புறங்கையால் தண்ணீரை விலக்கினான்.