சுவரில் ஏறிய பெயர்கள்

போரில் வென்றவனுக்கு உலகம் சிலை எடுக்கின்றது. பணம் படைத்தவனுக்கும் எடுக்கின்றது. கூலிக்காரன் மகள் ஒருத்தி குழந்தைகளைக் காக்கப் போய் உயிர் நீத்தாளாயின், அவள் பெயரை எங்கே பொறிப்பது? இவ்வினாவிற்கு விடைபோல லண்டன் மாநகரில் ஒரு சிறு பூங்கா உளது.

அதன் பெயர் தபால்காரர் பூங்கா. அருகிலிருந்த தலைமைத் தபால் நிலையத்துத் தொழிலாளர் வந்தமர்ந்து இளைப்பாறியமையால் அப்பெயர் வழங்கலாயிற்று. முன்னர் அஃது ஆல்டர்ஸ்கேட் மாதாகோயிலின் இடுகாடு. புதைக்க இடமின்றிப் பிணத்தின்மேல் மண்ணைக் கொட்டிக் கொட்டி, நிலமே தெருவினும் மேடாயிற்று. 1850-களில் எழுந்த சட்டங்கள் நகருக்குள் புதைப்பதை நிறுத்தின. 1880-ல் அந்நிலம் பூங்காவாகப் பொது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் என்பார் புகழ்பெற்ற சித்திரக்காரர். பாரனெட் பட்டத்தை இருமுறை வேண்டாமென்றவர். 1887-ல், விக்டோரியா அரசியார் அரசேறிய ஐம்பதாம் ஆண்டு விழாவையொட்டி, அவர் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறரைக் காக்கப் போய் மாண்ட எளிய மக்களுக்கு ஞாபகச் சின்னம் அமைத்தலே விழாவிற்குத் தக்க சிறப்பு என்றார். கேட்பாரில்லை. பதின்மூன்று ஆண்டு சென்று, 1900-ல், இப்பூங்காவில் தம் செலவிலேயே அதனைக் கட்டுவித்தார். மாளிகை அன்று, கூரை வேய்ந்த ஒரு தாழ்வாரம், நீண்ட சுவர். சுவரிற் பதித்த மெருகோடுகளில் பெயரும், நாளும், உயிர் நீத்த வகையும் உள. தோழியின்மீது பற்றிய தீயை அணைக்கப் போய் 1863-ல் மாண்ட நாடகக்காரி சாரா ஸ்மித் அங்கே இருக்கின்றாள். 1899-ல் 'ஸ்டெல்லா' கப்பல் மூழ்கியபோது தன் மிதவையைப் பிறர்க்கு ஈந்துவிட்டுக் கப்பலோடு போன பணிப்பெண் மேரி ராஜர்ஸும் இருக்கின்றாள்.

ஆலிஸ் ஏர்ஸ் என்பாளைப் பற்றிச் சிறிது நின்று எண்ணவேண்டும். கொத்தனுக்குச் சிற்றாளாய் உழைத்தவன் மகள் அவள். 1885 ஏப்ரலில் சதர்க்கு யூனியன் தெருவில் ஓர் எண்ணெய்க் கடை தீப்பற்றியது. மேல்மாடியில் அவளும் குழந்தைகளும். 'குதி, குதி' என்று கீழே நின்றோர் கூவினர். அவளோ மெத்தையைச் சன்னல் வழியே தள்ளி, மீண்டும் மீண்டும் புகைக்குள் புகுந்து, குழந்தைகள் மூவரையும் ஒவ்வொருவராய் அதன்மேல் இட்டாள். பிறகே தான் குதித்தாள். புகையால் தளர்ந்தவள் மெத்தையிற் படாமல் வீழ்ந்தாள். இரண்டு நாளில் உயிர் நீங்கிற்று. வயது 25.

வாட்ஸ் தம் கடிதத்தில் அவளை வேலைக்காரி என்றே குறித்தார். அவ்வீட்டில் அவள் வேலை செய்தது மெய்யே. ஆனால் அக்குழந்தைகள் அவள் உடன்பிறந்தாள் மக்களன்றோ! உதிர பாசத்தை எசமான விசுவாசமாக்கினாலன்றி மேல்வகுப்பார்க்கு அவள் புகழ் செரிக்கவில்லை போலும். உழைத்துத் தேய்ந்தவனை 'விசுவாசமுள்ள ஆள்' என்று புகழ்ந்து அனுப்பும் வாய்களை நாமும் கேட்டிருக்கின்றோம்.

எளியோர்க்குக் கல்லெடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டனர் நம் முன்னோர். செங்கம் வட்டாரத்துக் கல்லொன்றில் கள்வரைக் கடித்த நாயின் பெயரும் உளது. ஆயினும் அக்கற்கள் பல பின்னர்த் தெய்வமாயின. படையல் பெருகிற்று, மாண்டவன் யாரென்பது மறந்தது. லண்டன் சுவருக்குப் படையல் இல்லை. அது நன்று.

வேறொரு குறை அதற்கு உண்டு. காத்தவர் பிழைத்துக்கொண்டால் அங்கே இடமில்லை. ஆலிஸ் மெத்தையில் வீழ்ந்து பிழைத்திருப்பாளாயின், அவள் செயலில் அணுவளவும் குறைவில்லை. பெயர் மட்டும் ஏறியிராது. அங்ஙனமாயின் போற்றப்படுவது செயலா, சாவா? பிழைத்தவன் தன் கதையைத் தானே சொல்வான், மாண்டவனுக்குக் கல்லே வாய் என்பர் சிலர். ஓரளவு ஒப்பலாம். எனினும், சாவை விலையாகக் கேட்கும் புகழில் பழைய பலியின் வாடை வீசுகின்றது. குழந்தைகள் உறங்கும் அறைக்குக் கீழே எண்ணெயும் வெடிமருந்தும் அடுக்க விட்டவர் யார்? அவ்வினா எந்த ஓட்டிலும் இல்லை. வீரத்தை வியந்து நிற்பது, அவ்வீரம் வேண்டாதபடி முன்னரே ஏற்பாடு செய்யாதோர்க்கு மிக வசதியாய் முடிகின்றது.

120 ஓடுகளுக்கு இடம் விட்டுக் கட்டிய சுவர் அது. 1904-ல் வாட்ஸ் மறைந்தபின் அவர் மனைவியார் மேரி பணியைத் தொடர்ந்தார். 1931-க்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெயரும் ஏறவில்லை. 2007-ல், மூழ்கிய சிறுவன் ஒருவனைக் காத்து இறந்த தொழிலாளி ஒருவரின் பெயர் 2009-ல் பதிக்கப்பட்டது. அது 54-ஆம் ஓடு. எஞ்சிய இடம் வெறுமையாகவே இருக்கின்றது.