வெட்கமும் அச்சமும்

வன்னியில் பிள்ளையில்லாத வீட்டிலே விரதம் இருப்பவள் பெண். வட்டாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பவள் பெண். 'மலடி' என்னும் வசையைச் சுமப்பவளும் அவளே. 'மலடன்' என்ற சொல்லும் நம் மொழியில் உண்டு. அதனை உச்சரிக்க நம் நா கூசுகிறது!

பிள்ளைப்பேறு இன்மையில் ஏறத்தாழப் பாதிக்கு ஆணின் குறையும் காரணமாகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. அதை அறிய எளிய விந்துப் பரிசோதனையே முதற்படி. ஆண்மகனின் வெட்கம் அதைத் தள்ளிப்போட, ஆண்டுகள் கழிகின்றன, பெண்ணுடல் சோதனைக்களமாகிறது. ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறை 1992இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. குறை ஆணிடத்தே எனினும், அம்முறையிலும் ஊசிகளை ஏற்பவள் பெண்ணே.

காணியை ஈடுவைத்துக் கொழும்புக்கோ சென்னைக்கோ சென்று பெற்ற பிள்ளைக்கு அடுத்த செலவும் காத்திருக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தைக் கட்டணம் பெற்றுக் காக்கும் தனியார் சேமிப்பகங்கள், 'நாளை நோய் வந்தால்?' என்ற அச்சத்தையே முதலாக்குகின்றன. ஆனால் 1988இல் பாரிஸில் இவ்விரத்தத்தால் முதன்முதல் உயிர்பிழைத்த சிறுவனுக்கு உதவியது அவனுடைய கொடியன்று, தங்கையின் கொடி! பரம்பரை நோய்க்குத் தன் குருதி மருந்தாகாது. அதே குறை அதிலும் உறைகிறது.

நம் நாட்டு இரத்த வங்கியில் கொடுப்பவர் விலை கேட்பதில்லை. பெறுபவரின் குலமும் கேட்பதில்லை. கொடியின் குருதிக்கு மட்டும் ஏன் தனிப்பூட்டு? பிள்ளை குலத்தின் சொத்து என்ற எண்ணமே ஆணின் குறையை மறைக்கிறது. அவ்வெண்ணமே குருதியையும் பூட்டுகிறது. கணவன் முதலிற் பரிசோதனைக்குச் செல்லட்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அரச வைத்தியசாலை வழியே இச்சிகிச்சை ஏழைக்கும் எட்டட்டும். கொடியின் குருதி பொதுச் சேமிப்பாகட்டும்.