வழிகாட்டுவோன் கடமை யாது?

ஒருவர்க்கு உதவி செய்வதற்கும் அவரை ஆள்வதற்கும் உள்ள வேறுபாடு யாது? இவ்வினா பழையது. கற்றோர் பலர் இதனைப் பலவாறு ஆராய்ந்துள்ளனர். நான் பள்ளியில் மிகுதியும் பயின்றவன் அல்லன். எனக்கு இதன் பொருளை உணர்த்தியது ஒரு முழ நீளமும் இல்லாத ஒரு கயிறு. அதனைப் பற்றியே ஈண்டுச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

மராத்தான் எனப்படும் நெடுந்தூர ஓட்டத்தின் அளவு 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் ஓடப்பெற்ற இத்தூரமே பின்னர் உலகெங்கும் நிலையான அளவாயிற்று. மும்பை மாநகரின் மராத்தான் 2004-ஆம் ஆண்டு தொடங்கியது. சனவரித் திங்களில், சத்ரபதி சிவாஜி மகராஜ் இரயில் நிலையத்தருகே புறப்படுவோர், மெரீன் டிரைவ் கடற்கரைச் சாலை வழியே சென்று, பாந்திரா - வொர்லி கடற்பாலத்தைக் கடந்து திரும்புகின்றனர். திரும்பும் வழியில், கால்கள் சோர்ந்த வேளையில், பெத்தார் சாலை மேடு எதிர்ப்படும்.

இத்தூரத்தை ஓட நாலைந்து திங்கள் பயிற்சி வேண்டும். வார நாட்களில் சிறு தூரமும் ஞாயிறன்று நெடுந்தூரமும் ஓடி, அந்நெடுந்தூரத்தைப் பதினைந்து, இருபது, முப்பது கிலோமீட்டர் எனச் சிறிது சிறிதாக உயர்த்துதல் வேண்டும். போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் ஓட்டத்தைக் குறைத்துக் கால்களுக்கு ஓய்வளித்தல் வேண்டும். இதனைத் தனியே செய்வது அரிது. விடியுமுன் நாலரை மணிக்கு எழச் செய்வது நம் மன உறுதி என்று நினைக்கின்றோம். பல நாட்களில் அவ்வாறன்று. தெருமுனையில் நண்பன் காத்து நிற்பானே என்னும் எண்ணமே நம்மை எழுப்புகின்றது.

எங்கள் நண்பர் குழுவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருடன் வழிகாட்டியாக ஓட நான் இசைந்தேன். கயிற்றின் ஒரு முனை அவர் கையில்; மறுமுனை என் கையில். இருவர் கைகளும் ஒத்து வீசுதல் வேண்டும். பள்ளம், வேகத்தடை, தேங்கிய நீர், எதிரே வருவோர் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். சொல்லுவதற்கு மூச்சு மிஞ்ச வேண்டுமாதலின், வழிகாட்டுவோன் தன்னால் இயன்ற வேகத்தினும் குறைந்த வேகத்திலேயே ஓடுதல் வேண்டும். தன் ஆற்றலை அடக்கிக்கொள்வதே இப்பணியின் முதற்பாடம்.

அப்பாடத்தை நான் எளிதில் கற்றேனல்லேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெத்தார் சாலை மேட்டில் அவர் நடை தளர்ந்தது. அன்றைய நேரக்கணக்கு என் மனத்தில் இருந்தது. என்னையறியாமலே கயிற்றை முன்னோக்கி இழுத்தேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு நின்றார். “ஐயா, வழியை நீங்கள் சொல்லுங்கள்; ஓட்டத்தை எனக்கு விட்டுவிடுங்கள்” என்றார். சினந்து சொன்னாரல்லர்; ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது.

இழுத்தால் என்ன குற்றம், மேடேறும் பயன் அவர்க்குத்தானே என்று ஒருவர் வினவலாம். நானும் என்னுள் அவ்வாறே வாதிட்டேன். ஆராய்ந்து பார்க்குமிடத்து அவ்வாதம் நிற்கவில்லை. அவர்க்கு இல்லாதது பார்வை. கால்கள் உள்ளன, மூச்சு உள்ளது, தம் தளர்ச்சியைத் தாமே வெல்லும் விருப்பமும் உள்ளது. இல்லாததைத் தருவது உதவி. உள்ளதை வாங்கிக்கொண்டு அதன் இடத்தில் நம்முடையதை வைப்பது உதவியன்று. நான் இழுத்துச் சென்றிருப்பின் மேட்டின் உச்சியை அடைந்தது என் நேரக்கணக்கே. அவர் என் பின்னே வந்த சுமையாகியிருப்பார்.

ஆலையில் நூற்ற கைகளுக்கு ஒன்று தெரியும். இழை மிக இறுகினால் அறும். மிகத் தளர்ந்தால் சிக்கும். பல்லாண்டு இழையோடு பழகியும், மனிதரிடத்து அதனை மறந்திருந்தேன்.

பன்னாட்டுப் போட்டி விதிகளும் இதனையே வற்புறுத்துகின்றன. வழிகாட்டுவோன் இழுத்தலோ தள்ளுதலோ கூடாது. முடிவுக் கோட்டை ஓடுபவரே முதலில் கடத்தல் வேண்டும். 2024-ஆம் ஆண்டு பாரிசு பாராலிம்பிக்கில் நம் நாட்டுச் சிம்ரன் சர்மா 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றபோது, உடன் ஓடிய அபய் சிங் அவருக்குச் சற்றுப் பின்னரே கோட்டைக் கடக்க வேண்டியவராயிருந்தார். தன்னால் முந்தக்கூடிய இடத்தில் முந்தாதிருத்தலே அங்குத் திறமை.

அதே பாரிசு நகரில் 2024 செப்டம்பர் 8 அன்று நிகழ்ந்ததொன்று நம் வினாவை மேலும் ஆழமாக்குகின்றது. பார்வை குறைந்த மகளிர்க்கான மராத்தானில், 2016-இல் இரியோவில் தங்கம் வென்ற ஸ்பெயின் நாட்டு எலெனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். நான்காமவர் மூன்று நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். முடிவுக் கோட்டிற்குச் சில அடிகளே இருக்கையில், வழிகாட்டியின் கால்கள் பிடித்துக்கொள்ள, அவர் சரிந்தார். கொங்கோஸ்ட் கயிற்றை விட்டு அவரைத் தாங்கினார். ஒரு கணம் கயிறு கைவிடப்பட்டமையால் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெண்கலம் சப்பானிய வீராங்கனைக்குச் சென்றது.

இதில் தவறியவர் யார்? விதியை வைத்தோர் தவறினர் எனத் துணிந்து கூறேன். கயிறு இருவரையும் பிணைத்திருக்க வேண்டும் என்பது அனைவர்க்கும் ஒப்ப அமைந்த காவல். நடுவர் உள்ளத்தைக் காண்பவரல்லர், கையைக் காண்பவர். எனினும் அவ்வம்மையார் தவறினார் எனவும் கூறேன். விழுபவரைத் தாங்குவது மனிதரின் இயல்பான அனிச்சைச் செயல் என்னும் கருத்துப்பட அவர் பின்னர்க் கூறினார். அச்செயலால் அன்று அவர் பெற்ற ஊதியம் ஒன்றுமில்லை; இழப்பே நேர்ந்தது. நடுவர் தம் கடமையைச் செய்தார். அவர் தம் கடமையைச் செய்து, அதன் விலையையும் கொடுத்தார். அறம் எப்பொழுதும் பரிசோடு வருவதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

எனினும் நான் அந்நிகழ்ச்சியிலிருந்து பெரிதும் கற்றது வேறொன்று. உதவி செய்வோன் என்றும் மேலே நிற்பான், பெறுவோன் என்றும் கீழே நிற்பான் என்று எண்ணியிருந்தேன். அக்கயிற்றுக்கு இரு முனைகள் உண்டு என்பதை அப்பெண்மணி காட்டினார். எனக்கும் அவ்வாறு ஒரு நாள் நேர்ந்தது. நீண்ட ஓட்டத்தின் முடிவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சுவரில் அமர்ந்துவிட்டேன். அந்நண்பர் குனிந்து என் காலைத் தடவித் தேய்த்து, “என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐயா” என்றார். வழியை நான் சொல்ல, என் பாரத்தை அவர் தாங்க, இருவரும் மெல்ல நடந்து வந்தோம். அன்று வழிகாட்டியவர் யார் என்று கேட்டால் விடை கூற அறியேன்.

ஆகவே, வழிகாட்டுவோன் கடமை மூன்று என்பது என் துணிபு: காண்பதை மறைக்காது சொல்லுதல், ஓட்டத்தை ஓடுபவர்க்கே விடுதல், தான் வீழ்கையில் அவர் தோளைப் பற்ற நாணாதிருத்தல். மூன்றனுள் கடையது கடினமானது. மேடையில் நின்று பிறர்க்கு வழி சொல்லும் என் போன்றோர்க்கு அஃது இன்னும் கடினமானது. வாரத்தில் ஒரு விடியற்காலையை இப்பணிக்கு ஈந்து பாருங்கள், அன்பர்களே! கயிற்றை இழுக்காமல் பிடிக்கக் கற்ற கை, வீட்டிலும் தொழிலிடத்திலும் பிறரை இழுக்கத் தயங்கும்.